சராசரி மழை எந்த ஊரில் பெய்கிறது?

வடகிழக்குப் பருவமழைக் காலம் முடிந்ததும், டிசம்பர் இறுதியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளிவிவரம் வெளியாகிறது. தமிழகத்தில் இவ்வாண்டு மழை இயல்பை ஒட்டி அமைந்தது என்றோ, இத்தனை சதவீதம் கூடுதல் என்றோ, இத்தனை சதவீதம் குறைவு என்றோ அது கூறும். அந்த எண் பொய்யன்று. முறையாக அளந்து, முறையாகக் கூட்டி வகுத்துப் பெற்றதுதான். ஆனால், கரிசல் காட்டில் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்த ஒரு விவசாயிக்கு அந்த எண் எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டை 36 வானிலை உட்கோட்டங்களாகப் பிரித்து மழைக் கணக்கை வெளியிடுகிறது. தமிழகம், புதுச்சேரி, காரைக்கால் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றில் ஓர் உட்கோட்டம். நீலகிரியின் மேற்குச் சரிவில் கொட்டும் மழையும், விளாத்திகுளத்துப் புஞ்சையில் தூறி ஓயும் மழையும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. மாவட்ட வாரியான கணக்கும் உண்டு என்பது உண்மையே. ஆயினும், மாவட்டம் என்பதும் வானம் அறியாத ஓர் எல்லைக்கோடுதான்.

மானாவாரி வேளாண்மையோடு நெடுங்காலம் தொடர்புடையவன் என்ற முறையில், வறண்ட பகுதிகளில் மழையையும் வெப்பத்தையும் எப்படி அளக்கிறோம், அந்த அளவுகளை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இது வானிலை அறிஞர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியன்று. வறட்சி நிவாரணம் யாருக்குக் கிடைக்கும், பயிர்க் காப்பீட்டுத் தொகை யாருக்கு மறுக்கப்படும், விதை எந்த வாரத்தில் நிலத்தில் விழ வேண்டும் என்பவையெல்லாம் இந்த அளவுகளைக் கொண்டே முடிவாகின்றன.

முதலில், வறண்ட நிலம் என்பது எது? மழை குறைவாகப் பெய்யும் இடம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அறிவியல் அதைச் சற்று வேறு விதமாகப் பார்க்கிறது. ஓரிடத்தில் ஓராண்டில் பெய்யும் மழையையும், அதே ஆண்டில் அந்த நிலத்திலிருந்தும் பயிர்களிலிருந்தும் ஆவியாகிச் செல்லக்கூடிய நீரின் அளவையும் ஒப்பிட்டு, மழை அந்தத் தேவையில் 65 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அதனை வறள்நிலம் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு வகைப்படுத்துகிறது. 20 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் அது மித வறட்சிப் பகுதி.

தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 650 மி.மீ. ஆண்டு முழுவதும் வெயிலும் காற்றும் அங்கிருந்து எடுத்துச் செல்லக்கூடிய நீரோ 1,500 மி.மீ.க்கும் மேல். அதாவது, வானம் ஒரு குடம் தந்தால் இரண்டு குடத்துக்கு மேல் திருப்பிக் கேட்கிறது. ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் பல பகுதிகளும், மேற்கே கோவை, திருப்பூர் மாவட்டங்களின் மழை மறைவுப் பகுதிகளும் இத்தகைய நிலையில்தான் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்தின் பக்கமே இறக்கி வைத்துவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த காற்றை அனுப்புகிறது. தென்மாவட்டக் கரிசலும் செவலும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாத மழையைத்தான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. எங்கே மழை குறைவோ, அங்கேதான் அதை மிகுந்த கவனத்தோடு அளக்க வேண்டும். ஆண்டுக்கு 3,000 மி.மீ. பெய்யும் இடத்தில் ஒரு மழை கணக்கில் தவறிப்போனாலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. ஆண்டுக்கு நாற்பது நாள் மழை பெய்தாலே அதிகம் என்றிருக்கும் ஊரில், ஒரே ஒரு மழையின் கணக்கு ஒரு போகத்தின் கணக்கு.

மழையை அளந்து ஆள வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், பண்டகசாலையின் முன்னே ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்கச் சொல்கிறது. வறண்ட நிலப்பகுதிக்கு 16 துரோணம், ஈரப் பகுதிக்கு அதைப் போல் ஒன்றரை மடங்கு, அசுமக நாட்டுக்கு பதின்மூன்றரை, அவந்திக்கு 23 என்று நாடுதோறும் மழையளவைத் தனித்தனியே சொல்கிறது. அந்தச் செய்தி இடம்பெறுவது வேளாண்மை அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதியில் என்பது கவனிக்கத்தக்கது. எந்தப் பயிரை விதைப்பது என்பதை மழையளவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற தெளிவு அக்காலத்திலேயே இருந்திருக்கிறது.

நம் ஊர்களிலும் 'உழவு மழை' என்றொரு அளவு உண்டு. ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் ஓர் உழவு மழை. அதற்கும் கீழே ஈரம் இறங்கியிருந்தால் இரண்டு உழவு. வானிலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை அந்த அளவு சொல்வதில்லை. மண்ணுக்குள் எவ்வளவு போனது என்பதைச் சொல்கிறது. மானாவாரி விவசாயிக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்குதான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்றைய முறைக்கு வருவோம். சென்னையில் 1792-இல் வானாய்வகம் அமைந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தோன்றியது. சாதாரண மழைமானி மிக எளிய கருவி. ஒரு புனல், அதன் கீழே ஒரு கலம், அளந்து பார்க்க ஓர் அளவுக்குழாய். ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குக் கலத்தில் உள்ள நீர் அளக்கப்படுகிறது. அதற்கு முந்தைய 24 மணி நேர மழையாக அது அன்றைய தேதியில் பதிவாகிறது. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது 'மழை நாள்'. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். அந்தக் கணக்கில் 25 மி.மீ. மழை பெய்தால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேலாக நீர் விழுந்திருக்கிறது என்று பொருள்.

கருவி எளியது, அதை வைக்கும் இடம்தான் கடினம். அருகில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானியை வைக்க வேண்டும் என்பது விதி. மழைமானி வைத்தபோது வெட்டவெளியாக இருந்த அலுவலக வளாகத்தில் பிறகு வேம்பு வளர்கிறது; பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம் எழுகிறது; காற்றோடு சாய்ந்து வரும் மழை மறிக்கப்படுகிறது. கருவி பழுதில்லாமலே அளவு குறையத் தொடங்குகிறது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து 'இவ்வூரில் மழை குறைந்து வருகிறது' என்று எழுதினால், அவர் அளந்தது மழையையா, மரத்தின் வளர்ச்சியையா?

அடுத்தது அடர்த்தி. சமவெளிப் பகுதியில் 520 சதுர கி.மீ.க்கு ஒரு மழைமானி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மழைமானியின் புனல் வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. என்று கொண்டால், அந்த வாய் தன்னைப் போல் 2,600 கோடி மடங்கு பரப்புள்ள நிலத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்யும் அடைமழைக்கு அந்தச் சாட்சி போதும். வறண்ட நிலத்தின் மழை பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. பகல் வெப்பத்தில் எழும் இடிமேகம் மாலையில் ஓர் ஊரைக் குளிப்பாட்டிவிட்டு அடுத்த ஊரைத் தொடாமலே கலைந்துவிடும். கண்மாயின் இந்தக் கரையில் மழை, அந்தக் கரையில் புழுதி என்பதை நம் ஊர்களில் பார்க்காதவர் இல்லை. மழைமானி இந்தக் கரையில் இருந்தால் அந்தக் கரைக்கும் மழை பெய்ததாகவே அரசுப் பதிவேடு சொல்லும்.

இனி, சராசரி என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக் கொள்வோம். ஓர் ஊரில் ஐந்து ஆண்டுகளில் முறையே 500, 450, 550, 400, 1,600 மி.மீ. மழை பெய்கிறது. மொத்தம் 3,500, சராசரி 700. ஐந்தில் நான்கு ஆண்டுகள் சராசரிக்கு வெகுவாகக் கீழே. ஐந்தாம் ஆண்டோ வெள்ளம். 700 மி.மீ. என்ற 'இயல்பான' மழை எந்த ஆண்டிலும் பெய்யவே இல்லை. ஈரமான பகுதிகளில் மழை ஆண்டுதோறும் சராசரியைச் சுற்றியே ஊசலாடுவதால் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வறண்ட பகுதிகளில் ஊசல் அகலமானது. ஆகவே, சராசரியோடு கூட, பத்து ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் குறிப்பிட்ட அளவு மழை கிடைக்கிறது என்ற உறுதிப்பாட்டுக் கணக்கும் தேவை. பத்தில் ஏழு ஆண்டுகள் கிடைக்கும் மழையை நம்பிப் பயிரிடலாம். பத்தில் மூன்று ஆண்டுகள் மட்டுமே கிடைக்கும் சராசரியை நம்பிக் கடன் வாங்க முடியாது.

அண்மை ஆண்டுகளே இதற்குச் சான்று. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் பெற்ற மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு நேர் எதிராக, 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். அதே 2023-இன் ஆகஸ்ட் மாதம்தான், 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

இத்தகைய ஒரு நாள் மழை ஆண்டுக் கணக்கில் சேரும்போது அந்த ஆண்டு 'கூடுதல் மழை' ஆண்டாகிவிடுகிறது. நிலத்தில் நடந்தது என்ன? மண் குடிக்கக்கூடிய வேகத்தைத் தாண்டிப் பெய்த மழை ஓடி, கரையை உடைத்து, விளைநிலத்தில் மணலைக் கொட்டிவிட்டுக் கடலில் கலந்தது. பயிர் அழிந்தது, ஆனால் பதிவேட்டில் நீர்ப் பற்றாக்குறை இல்லை. அதிலிருந்து நான் காண்பது இதுதான்: எவ்வளவு பெய்தது என்பதோடு, எத்தனை மணி நேரத்தில் பெய்தது, இரண்டு மழைகளுக்கிடையே எத்தனை நாள் வெயில் அடித்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யாத மழைக் கணக்கு, வறண்ட நிலத்துக்குப் பாதிக் கணக்கு.

இடைவெளி என்ற இந்தச் செய்தி மிக முக்கியமானது. கரிசல் பகுதியில் பருவமழைக்குச் சற்று முன்பே, ஈரமில்லாத மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. சரியான நேரத்தில் நல்ல மழை விழுந்தால் பயிர் முந்திக் கொள்ளும். விதை முளைக்கும் அளவுக்கு ஒரு மழை பெய்துவிட்டு, அதன் பின் மூன்று வாரம் வானம் வெறிச்சோடிவிட்டால் முளைத்தது கருகிவிடும். அந்த மாதத்தின் மொத்த மழையைப் பார்த்தால் குறையொன்றும் தெரியாது. கடைசி வாரத்தில் பெய்த மழை கணக்கைச் சரிசெய்துவிடும். கருகிய பயிரை அது சரிசெய்வதில்லை. விதை வாங்கிய கடன் மட்டும் மிச்சம்.

வெப்பத்தைப் பற்றிப் பேசாமல் மழையை மட்டும் பேசுவதும் முழுமையாகாது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. இந்த ஓர் இயற்பியல் உண்மைக்கு இரண்டு விளைவுகள் உண்டு. ஈரம் கிடைக்கும் இடத்தில் காற்று அதிகமாகச் சுமந்து வந்து ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சுகிறது. பெருமழையும் கடும் வறட்சியும் ஒன்றையொன்று மறுக்கும் நிகழ்வுகள் அல்ல. ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

கோடையில் நம் தென்மாவட்டங்களில் நாளொன்றுக்கு 6 மி.மீ. அளவுக்கு நீர் ஆவியாகக்கூடும். 2.5 மி.மீ. பெய்து 'மழை நாள்' என்று பதிவான தூறல், அரை நாள் வெயிலுக்குத் தாங்காது. எனவே, மழையைக் கழித்தல் ஆவியாதல் என்ற கணக்கில் பார்த்தால்தான் நிலத்தின் உண்மையான இருப்பு தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு முன் பெய்த அதே 600 மி.மீ. இன்றும் பெய்தாலும், இடையில் வெப்பம் கூடியிருந்தால் பயிருக்குக் கிடைப்பது அதே நீர் அல்ல.

வெப்பத்திலும் நாம் பகல் உச்சத்தையே பேசுகிறோம். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் வரையறை. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் இரவு வெப்பநிலைக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. பகலில் பயிர் சேர்த்த உணவை இரவில் மூச்சுவிடுதலுக்குச் செலவிடுகிறது. இரவு சூடானால் செலவு கூடுகிறது. பிலிப்பின்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தபோது கோடைப் போக நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. வெயிலில் வேலை செய்து திரும்பும் உழைப்பாளியின் உடலும் இரவில்தான் ஆற வேண்டும். ஆறாத இரவுகள் எத்தனை என்பதும் மாவட்டந்தோறும் எண்ணப்பட வேண்டிய ஒன்று.

வெப்பநிலையை அளப்பதிலும் இடமே முதன்மை. காற்று புகும் சட்டங்கள் வைத்த வெள்ளை மரக்கூண்டுக்குள், நேரடி வெயில் படாமல், திறந்த மண்தரைக்கு மேல் ஆள் உயரத்துக்குக் குறைவாக வெப்பமானி இருக்க வேண்டும். சிமென்ட் தளத்துக்கு மேலும் தகரக் கூரைக்கு அருகிலும் வைத்த கருவி ஊரின் வெப்பத்தைச் சொல்லாது. அந்தக் கூரையின் வெப்பத்தைச் சொல்லும். காரின் முகப்பில் தெரியும் 46 டிகிரியைப் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் பகிர்வோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

'இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே, இன்னும் எதற்கு மழைமானி?' என்று சிலர் கேட்கின்றனர். இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களும், 2014-இல் அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து ஏவிய உலக மழையளவுக் கண்காணிப்புச் செயற்கைக்கோளும் பெரும் பயன் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை நேரடியாகக் காண்பது மேகத்தை. தரையில் விழுந்த நீரை அல்ல. வறண்ட காற்றில் மேகத்திலிருந்து புறப்பட்ட துளி தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடுவது உண்டு. வானில் மழை, பூமியில் இல்லை. ரேடாருக்கும் ஓர் எல்லை உண்டு. தூரம் செல்லச் செல்லப் பூமியின் வளைவால் அதன் கற்றை தரையைவிட்டு உயர்ந்துவிடுகிறது; தொலைவில் உள்ள தாழ்வான மழையை அது தவறவிடும். செயற்கைக்கோளும் ரேடாரும் தரும் மதிப்பீட்டைச் சரிபார்க்கும் உரைகல், தரையில் இருக்கும் மழைமானியே.

இந்த அளவுகளைக் கொண்டு அரசு எப்படி முடிவெடுக்கிறது? மழை இயல்பைவிட 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு' என்று வகைப்படுத்தப்படுகிறது. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் 'குறைவு'. 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தால் 'மிகக் குறைவு'. மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு, மழைக் குறைவோடு மழையற்ற இடைவெளி, விதைப்புப் பரப்பு, மண்ணின் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பயிரின் பசுமை, நீர்நிலை இருப்பு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது. கோட்பாட்டளவில் இது நல்ல முன்னேற்றம். ஆனால், ஊர் அளவில் கருவியே இல்லாத இடத்தில் இத்தனை அளவுகோல்களும் எந்த ஊரின் விவரத்தை வைத்துச் செயல்படும்?

பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மழையின்மையால் ஓர் அலகில் பெரும்பான்மை நிலத்தில் விதைக்கவே முடியாமல் போனால் இழப்பீடு பெற வழியுண்டு. அதை நிறுவ மழை விவரம் வேண்டும். வானிலையை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டிலோ, குறிப்பிட்ட வானிலை நிலையத்தின் பதிவே தீர்ப்பு. நான் அறிந்த ஒரு கரிசல் கிராமத்தில், ஒரு பருவத்தில் மிளகாயும் உளுந்தும் வாடிச் சருகாகிக் கிடக்க, பத்துப் பன்னிரண்டு கி.மீ. தொலைவிலுள்ள நிலையத்தில் போதிய மழை பதிவாகியிருப்பதாகக் கூறி அந்த ஊராரின் கோரிக்கை தள்ளப்பட்டது. காப்பீட்டு நிறுவனமும் விதிப்படியே நடந்தது. நிலையமும் சரியாகவே அளந்தது. தவறு எவரிடமும் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, இழப்பு மட்டும் விவசாயியிடம் தங்கிவிட்டது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களும், ஊராட்சி அளவில் தானியங்கி மழைமானிகளும் அமைப்பதை நோக்கமாகக் கொண்டு மத்திய அரசு 2023-இல் 'விண்ட்ஸ்' என்ற வானிலைத் தகவல் கட்டமைப்பைத் தொடங்கியது. நோக்கம் மிகச் சரியானது. அது நிறைவேறும்போது சிலவற்றை மறந்துவிடலாகாது என்பதே என் வேண்டுகோள்.

முதலாவது, பராமரிப்பு. தானியங்கிக் கருவியில் சிறு வாளி ஒன்று நிரம்பிக் கவிழ்வதை எண்ணியே மழை கணக்கிடப்படுகிறது. புனலில் வேப்பிலைச் சருகு அடைத்தால் பெருமழையிலும் அது 'சுழி' என்றே சொல்லும். வறண்ட ஊரில் புழுதி மிகுதி. சிலந்தியும் குளவியும் கூடு கட்டும். மழை பெய்யவில்லை என்பதும், கருவி இயங்கவில்லை என்பதும் பதிவேட்டில் ஒன்றுபோல் தோன்றும். வாங்குவதற்கு ஒதுக்கும் பணத்தோடு, மாதந்தோறும் துடைத்துச் சரிபார்க்கவும் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, தொடர்ச்சி. ஓரிடத்தின் தட்பவெப்ப இயல்பை அறிய 30 ஆண்டுப் பதிவு வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். புதிய கருவி வந்ததும் பழைய மழைமானியைக் கழற்றி எறிந்துவிட்டால், பழைய பதிவும் புதிய பதிவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போய்விடும். சில ஆண்டுகளாவது இரண்டும் அருகருகே இயங்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகங்களிலும் பொதுப்பணித் துறையின் பழைய ஆய்வு மாளிகைகளிலும் உறங்கும் மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாப்பதும் இப்பணியின் ஒரு பகுதியே. காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டால் அந்த மழையை மீண்டும் அளக்க முடியாது.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. தன் ஊரில் நேற்று எவ்வளவு பெய்தது என்று பதிவாகியிருக்கிறது என்பதை விவசாயி அன்றே அறிய முடிய வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு கரும்பலகை போதும். அன்றே தெரிந்தால் தவறான பதிவை அன்றே சுட்டிக்காட்டலாம். அறுவடை முடிந்து காப்பீட்டுக் கோரிக்கை தள்ளப்பட்ட பிறகு தெரிந்து என்ன பயன்?

நான்காவது, மக்கள் பங்கேற்பு. மகாராஷ்டிரத்தில் மழை மறைவுப் பகுதியில் உள்ள ஹிவ்ரே பஜார் கிராமம் தன் மழையைத் தானே அளக்கிறது. அந்த ஆண்டின் நீர் இருப்பைக் கிராம சபையில் கணக்கிட்டு, எந்தப் பயிரை எவ்வளவு பரப்பில் இடலாம் என்று ஊரே கூடி முடிவு செய்கிறது. ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே மழைமானியையும் கிணற்று நீர்மட்டத்தையும் கண்காணித்துப் பயிர்த் திட்டம் வகுத்த முயற்சி, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்து பரவலாகக் கவனம் பெற்றது. படிப்பறிவு குறைந்தோரும் இவற்றில் பங்கேற்றனர். அளப்பது கடினமான கலையன்று. அளந்ததை நம்பி ஒன்றுகூடி முடிவெடுப்பதுதான் கடினம். அந்த ஊர்கள் அதைச் செய்து காட்டியுள்ளன.

நம் மானாவாரி மாவட்டங்களில் ஊராட்சிதோறும் ஓர் அரசுப் பள்ளி உண்டு. பள்ளிதோறும் வெட்டவெளி உண்டு. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சாதாரண மழைமானியும், நிழற்கூண்டில் ஒரு வெப்பமானியும் வைத்து, மாணவர்கள் காலை 8.30 மணிக்குக் குறித்து வைத்தால், அது அறிவியல் பாடமாகவும் அமையும். தானியங்கிக் கருவிக்கு ஒரு சாட்சியாகவும் நிற்கும். விடுமுறை நாளில் யார் குறிப்பது என்ற கேள்விக்கு, ஊரில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவும் உழவர் குழுவும் விடை சொல்ல முடியும். இதற்கு ஆகும் செலவு, ஒரு வறட்சி ஆண்டில் ஒரு மாவட்டத்துக்கு நாம் வழங்கும் நிவாரணத்தின் முன் ஒரு பொருட்டே அல்ல.

மழையை வரவழைக்கும் ஆற்றல் அரசுக்கு இல்லை. அதை எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. பெய்த மழையையும் பெய்யாத மழையையும் ஊர்தோறும் உள்ளபடி எழுதி வைக்கும் ஆற்றல் உண்டு. வறண்ட நிலத்தில் வாழ்வோர் கேட்பது சராசரியில் தங்களுக்குரிய பங்கை அல்ல. தங்கள் நிலத்தில் என்ன நடந்ததோ அது அப்படியே கணக்கில் ஏற வேண்டும் என்பதையே. அடுத்த பருவமழைக்கு முன் ஊராட்சிக்கு ஒரு மழைமானி என்ற இலக்கை முதலில் மானாவாரி மாவட்டங்களில் நிறைவேற்ற அரசு முன்வர வேண்டும்.